விடுபட்ட ஒரு ‘லெட்’டும் தவறிய 23 பில்களும்

2023ஆம் ஆண்டு தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதற்கு ஐந்து நாள் முன்னதாக, செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு, நான் ஆர்டர் எடுக்கும் இணையதளம் செய்து கொடுத்திருந்த இனிப்புக் கடையின் முதலாளி அழைத்தார். “ஏம்மா, ரெண்டு கிலோ மைசூர்பாகும் ஒரு கிலோ மிக்சரும் எப்படிம்மா 1,740 ரூபாய் ஆகும்?” என்று கேட்டார். மைசூர்பாகு கிலோ 480, மிக்சர் 360. மனக்கணக்கிலேயே 1,320 என்று வந்துவிடும். வாடிக்கையாளர் எதையோ மாற்றி அழுத்தியிருப்பார் என்று அவரைச் சமாதானப்படுத்திவிட்டு, நான் உட்கார்ந்து அதே ஆர்டரை என் கைப்பேசியில் போட்டுப் பார்த்தேன். சரியாக 1,320 வந்தது. அப்போது எனக்கு ஏற்பட்ட நிம்மதிதான் அடுத்த மூன்று இரவுகளை வீணாக்கியது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். படித்தவள். விருதுநகர் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில், குழந்தை உறங்கிய பிறகு வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டு, அக்கம்பக்கத்துக் கடைகளுக்கு இணையதளம் செய்து தருகிறேன். அலுவலகம் என்று ஒன்று இல்லை. நான் எழுதும் நிரலைப் பார்த்து “இந்த வரி இடிக்கிறதே” என்று சொல்ல இன்னொரு ஆளும் இல்லை. ஸ்கோப் (ஒரு பெயர் நிரலின் எந்தப் பகுதி வரை செல்லுபடியாகும் என்பது) என்ற பாடத்தை நானும் படித்திருந்தேன். நேர்முகத் தேர்வுக் கேள்விகளின் பட்டியலில் அது எப்போதும் இருக்கும். விடையை மனப்பாடமாகச் சொல்வேன். அது பணம் சம்பந்தப்பட்ட விஷயம் என்று மட்டும் யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

புதன்கிழமை இரவுக்குள் இதே போல ஏழு புகார்கள் வந்துவிட்டன. சிலருக்குத் தொகை கூடியிருந்தது. அதைவிட மோசம், சிலருக்குக் குறைந்திருந்தது. அவர்கள் யாரும் அழைக்கவில்லை. கடையில் பொட்டலம் கட்டும் பையன்தான், 1,320 ரூபாய்ச் சரக்குக்கு 360 ரூபாய் மட்டும் வந்திருப்பதைக் கவனித்துச் சொன்னான். நான் முதலில் சந்தேகப்பட்டது பணம் வாங்கும் சேவையை. பிறகு, விலைப்பட்டியலை முதலாளி இடையில் மாற்றியிருப்பாரோ என்று அவரையே சந்தேகப்பட்டேன். அதன் பிறகு, கூட்டம் தாங்காமல், இணையதளம் ஓடும் சர்வர் கணினி தடுமாறுகிறது என்று முடிவுகட்டி, 1,800 ரூபாய் கூடுதலாகக் கட்டிப் பெரிய சர்வருக்கு மாற்றினேன். ஒரு வேரியபிள் (மதிப்பை வைத்துக்கொள்ள நிரலில் நாம் சூட்டும் பெயர்) தவறான இடத்தில் இருந்தால், எவ்வளவு பெரிய சர்வரிலும் அது அதே தவறான இடத்தில்தான் இருக்கும். தொகை தவறுகிறது என்றால் பணப்பையைத் திறப்பதற்கு முன், தொகையைக் கூட்டும் வரிகளை ஒருமுறை விரல் வைத்துப் படியுங்கள். நான் அதைத்தான் கடைசியாகச் செய்தேன்.

கடைசியாகச் செய்ததற்குக் காரணம், தொகை கூட்டும் அந்த ஃபங்ஷன் (ஒரு வேலைக்கென்று பெயரிட்டு எழுதிய நிரல் பகுதி) மீது எனக்கு இருந்த நம்பிக்கை. அது ஜூலை மாதம் முதல் ஒரு ரூபாய் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அக்டோபரில் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். ஆர்டரை வாங்கும் ஃபங்ஷன் 200 வரிகளைத் தாண்டிவிட்டதால், தொகை கூட்டும் பகுதியை மட்டும் வெட்டித் தனி ஃபங்ஷனாக்கினேன். பழைய ஃபங்ஷனின் தொடக்கத்தில் ‘லெட் டோட்டல்’ என்று, டோட்டல் என்ற பெயரை அந்த ஃபங்ஷனுக்கு உரியதாக அறிவிக்கும் ஒரு வரி இருந்தது; கூட்டலைத் தொடங்கும் இடத்தில் ‘டோட்டல் = 0’ என்று இன்னொரு வரி இருந்தது. வெட்டி ஒட்டியபோது இரண்டாவது வரி புதிய ஃபங்ஷனுக்கு வந்துவிட்டது. முதல் வரி பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. அது அங்கே பயன்படாமல் கிடந்ததால் இரண்டு நாள் கழித்து நானே அழித்தும்விட்டேன். ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

அது ஏன் முணுமுணுக்கவில்லை என்பதுதான் இந்த விஷயத்தின் உயிர்நிலை. ஒரு பெயர் நிரலில் வந்தால், அது யாருடையது என்று ஜாவாஸ்கிரிப்ட் உள்ளிருந்து வெளியே தேடிக்கொண்டு போகும். முதலில் அந்த வரி இருக்கும் நெளி அடைப்புக்குள், பிறகு அதைச் சுற்றியிருக்கும் ஃபங்ஷனில், பிறகு அதற்கும் வெளியே கோப்பின் மட்டத்தில், கடைசியாக எல்லோருக்கும் பொதுவான குளோபல் பரப்பில் தேடும். எந்த ஃபங்ஷன் எந்த ஃபங்ஷனை ஓடச் சொல்லி அழைத்தது என்பது இங்கே கணக்கில்லை. நிரல் எந்த இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பது மட்டுமே கணக்கு. எங்குமே அறிவிக்கப்படாத ஒரு பெயரின் மதிப்பைப் படிக்க முயன்றால் ரெஃபரன்ஸ் எரர் (அப்படி ஒரு பெயரே இல்லை என்ற பிழை) என்று கத்திவிடும். ஆனால், எங்குமே அறிவிக்கப்படாத பெயருக்கு ஒரு மதிப்பைக் கொடுத்தால் கத்தாது; “சரி, நானே ஒன்று உண்டாக்கிவிடுகிறேன்” என்று குளோபல் பரப்பில் அந்தப் பெயரில் ஒன்றை வைத்துவிடும். படிப்பதற்கும் எழுதுவதற்கும் இடையே உள்ள இந்த ஓரவஞ்சனையைத்தான் நான் தேர்வுக்காகப் படித்தபோது தாண்டிப் போயிருந்தேன். என் ‘டோட்டல்’ இப்படித்தான் எந்த ஃபங்ஷனுக்கும் சொந்தமில்லாமல், சர்வர் முழுவதற்கும் ஒரே ஒரு டோட்டலாகப் போய் உட்கார்ந்துகொண்டது.

பிரெண்டன் ஐக் 1995ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் என்ற இணைய உலாவி நிறுவனத்தில் இந்த மொழியின் முதல் வடிவத்தைப் பத்து நாட்களில் செய்து முடித்தார் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. இணையப் பக்கத்தில் நான்கு வரி எழுதுகிறவருக்கு எளிதாக இருக்க வேண்டும் என்று வைத்த சலுகைகள், இன்று பில் போடும் நிரலிலும் அப்படியே இருக்கின்றன. பழைய பக்கங்கள் உடைந்துவிடக் கூடாது என்பதால் அவற்றை எடுக்கவும் முடியாது. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் எச்சரிக்கை கேட்டு வாங்கும் வழியை 2009ஆம் ஆண்டிலேயே மொழியில் சேர்த்துவிட்டார்கள், அதை நான்தான் பயன்படுத்தவில்லை என்று தெரிந்ததும் அந்தக் கோபத்தை வைக்க இடமில்லாமல் போயிற்று.

கதைக்குத் திரும்புகிறேன். டோட்டல் பொதுவாகிவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், ஒவ்வோர் ஆர்டரும் தொடங்கும்போது அதைப் பூஜ்ஜியமாக்குகிறோமே, பிறகு எப்படித் தவறும்? அதோடு, சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட் என்ற மென்பொருள் ஒரே திரெட்டில், அதாவது ஒரு நேரத்தில் ஒரு வரியாக, ஓடுகிறது, ஆகவே இரண்டு ஆர்டர்கள் ஒன்றோடொன்று கலக்கவே முடியாது என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். அது பாதி உண்மை. ஓடிக்கொண்டிருக்கும் வரிகளுக்கு நடுவில் வேறு யாரும் புக முடியாது என்பது சரி. ஆனால் ‘அவெய்ட்’ (பதில் வரும்வரை காத்திரு) என்று எழுதிய ஒவ்வோர் இடத்திலும் நம் ஃபங்ஷன் ஒதுங்கி நின்று, காத்திருக்கும் அடுத்தவருக்கு வழிவிடுகிறது. விலைகளை முதலாளியே மாற்றிக்கொள்ள வசதியாக அவற்றை நான் ஒரு கூகுள் ஷீட்டில் வைத்திருந்தேன். ஒவ்வொரு பொருளுக்கும் விலையை அங்கே போய்க் கேட்டு வர ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். எட்டுப் பொருள் கொண்ட ஓர் ஆர்டர் எட்டு விநாடி திறந்து கிடக்கும். முதலாளி மாலை ஏழு மணிக்கு வாட்ஸாப் ஸ்டேட்டஸ் போடுவார். ஊரே ஒரே நேரத்தில் ஆர்டர் போடும். பகலில் நான் தனியாகச் சோதித்தபோதெல்லாம் அந்த எட்டு விநாடிக்குள் நுழைய வேறு ஆளே இல்லை.

வெள்ளிக்கிழமை விடியற்காலை மூன்று மணிக்கு இது வெளிப்பட்ட விதத்தைச் சொல்கிறேன். அதுவரை கடைசித் தொகையை மட்டும் லாகில் (சர்வர் எழுதி வைக்கும் பதிவில்) அச்சிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று, வேறு வழி தெரியாமல், ஒவ்வொரு பொருளையும் கூட்டிய உடன் ஆர்டர் எண்ணையும் அந்த நிமிடத்து டோட்டலையும் சேர்த்து அச்சிட்டேன். பிறகு இரண்டு ஆர்டர்களை ஒரே நேரத்தில் அனுப்பினேன். முதல் ஆர்டரில் இரண்டு கிலோ மைசூர்பாகும் ஒரு கிலோ மிக்சரும். இரண்டாவது ஆர்டரில் ஒரு கிலோ லட்டும் மூன்று கிலோ காராச்சேவும். லட்டு 420, காராச்சேவு 340. ஆக இரண்டாவது ஆர்டர் 1,440 வர வேண்டும். லாகில் வரிசையாக இப்படி வந்தது: முதல் ஆர்டர், 0. இரண்டாவது ஆர்டர், 0. முதல் ஆர்டர், மைசூர்பாகு, 960. இரண்டாவது ஆர்டர், லட்டு, 1,380. அந்த எண்ணைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. லட்டுக்கு 420 வர வேண்டிய இடத்தில் முதல் ஆளின் 960 சேர்ந்திருந்தது. அடுத்த வரி, முதல் ஆர்டர், மிக்சர், 1,740. செவ்வாய்க்கிழமை முதலாளி சொன்ன அதே எண். கடைசி வரி, இரண்டாவது ஆர்டர், காராச்சேவு, 2,760. இரண்டாமவர், முதலாமவரின் முழுப் பில்லையும் தன்னுடையதோடு சேர்த்துக் கட்டியிருப்பார். 360 ரூபாய் மர்மமும் அப்போதே விளங்கிவிட்டது: முதல் ஆள் 960 வரை வந்து மிக்சர் விலைக்காகக் காத்திருந்த நேரத்தில் இன்னொருவர் உள்ளே வந்து டோட்டலைப் பூஜ்ஜியமாக்கியிருக்கிறார், திரும்பி வந்தவருக்கு மிச்சம் மிக்சர் விலை மட்டும்.

காலையில் முதலாளியிடம் போய் இதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில், கூட்ட நேரத்தில் நான்கு பேர் பில் கூட்டுவார்கள். அவர்கள் கையில் ஆளுக்கொரு துண்டுச்சீட்டுக் கட்டு இருக்கும். அதைக் காட்டி, “இவர்கள் நான்கு பேருக்கும் ஒரே ஒரு சிலேட்டைக் கொடுத்து, அவரவர் வாடிக்கையாளரின் கணக்கை அதில் கூட்டச் சொன்னது போல் ஆகிவிட்டது அண்ணாச்சி” என்றேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். “ஆளுக்கொரு சீட்டு குடுக்கணும்னு எங்க அப்பா காலத்துலேயே தெரியுமேம்மா” என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறுத்தியிருக்காது. கணக்குப் படித்தவள் போட்ட கணக்கு தப்பிவிட்டது என்ற வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஃபங்ஷனுக்குள் ‘லெட்’ என்று எழுதுவது அந்தத் துண்டுச்சீட்டைக் கிழித்துக் கொடுப்பதுதான். ஃபங்ஷன் எத்தனை முறை அழைக்கப்படுகிறதோ அத்தனை முறை புதிய சீட்டு. ஒருவர் காத்திருந்தாலும் அவருடைய சீட்டு அவர் கையிலேயே இருக்கும். திருத்தம் ஆங்கிலத்தில் மூன்று எழுத்துதான். அந்த மூன்று எழுத்தின் விலையையும் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 23 பில்கள் தவறியிருந்தன. ஒன்பது பேரிடம் கூடுதலாக வாங்கிய 6,930 ரூபாயைக் கடை திருப்பிக் கொடுத்தது. பதினான்கு பேரிடம் குறைவாக வாங்கியது 11,260 ரூபாய். தீபாவளி நேரத்தில் அவர்களை அழைத்து மீதியைக் கேட்பது மரியாதையில்லை என்று முதலாளி மறுத்துவிட்டார். எனக்கு வர வேண்டியிருந்த 15,000 ரூபாயில் அதைக் கழித்துக்கொள்ளும்படி நானே சொன்னேன். 3,740 ரூபாய் கைக்கு வந்தது. பெரிய சர்வருக்குக் கட்டிய 1,800, அந்த ஐந்து நாளில் கைவிட்ட இன்னொரு வேலையின் 8,000 இரண்டையும் சேர்த்தால் என் கையை விட்டுப் போனது 21,060 ரூபாய்.

இத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை காலை, உறங்காத கண்ணோடு, இனி எங்கும் ‘லெட்’ விடுபடக் கூடாது என்ற வெறியில் கோப்பு முழுவதும் ஓடி, கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் ‘லெட்’ சேர்த்தேன். 2,000 ரூபாய்க்கும் அதற்கு மேலும் வாங்குவோருக்கு ஐந்து சதவீதத் தள்ளுபடி உண்டு. மேலே ‘லெட் தள்ளுபடி = 0’ என்று முறையாக அறிவித்திருந்தேன்; கீழே ‘இஃப்’ (இந்த நிபந்தனை பொருந்தினால்) அடைப்புக்குள் தள்ளுபடித் தொகை கணக்கிடப்பட்டு அதே பெயரில் இடப்பட்டிருந்தது. அந்த உள்வரிக்கும் ஒரு ‘லெட்’ போட்டுவிட்டேன். ‘லெட்’டும், அதைப் போலவே பெயரை அறிவிக்கும் இன்னொரு சொல்லான ‘கான்ஸ்ட்’டும் நெளி அடைப்புக்குக் கட்டுப்பட்டவை; அடைப்புக்குள் அதே பெயரில் ஒன்றை அறிவித்தால் அது வெளியில் இருப்பதை மறைத்துக்கொண்டு பிறக்கும் புதிய ஆள், அடைப்பு மூடியதும் மறைந்துவிடும். தள்ளுபடி உள்ளே சரியாகக் கணக்கிடப்பட்டு, உள்ளேயே செத்தது. வெளியில் இருந்த பூஜ்ஜியம்தான் பில்லுக்குப் போயிற்று. அன்று மதியம் வரை ஆறு பேருக்குத் தள்ளுபடி கிடைக்கவில்லை. அறிவிக்காமல் விடுவதும் தப்பு, இரண்டு முறை அறிவிப்பதும் தப்பு என்ற நிலையில், ஒவ்வொரு ‘லெட்’டையும் எழுதும்போது “இந்தப் பெயர் எங்கே பிறக்கிறது, எந்த அடைப்போடு முடிகிறது” என்று கேட்டுக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு உபாயம் தெரியவில்லை.

இவ்வளவுக்குப் பிறகு, உண்மையில் எனக்கு இரண்டு ஆண்டு முன்பே ஓர் எச்சரிக்கை வந்திருந்ததை நினைத்துப் பார்த்தேன். வேறொரு கடைக்காக, ஆர்டர்களை வரிசையாகக் காட்டும் ஒரு பக்கம் செய்திருந்தேன். ஒவ்வொரு வரிசைக்கும் ‘நீக்கு’ என்று ஒரு பொத்தான். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ‘அன்டிஃபைன்டு’ (மதிப்பு எதுவும் இல்லை) என்றே வந்தது. தேடிப் பார்த்ததில், ‘ஃபார்’ லூப்பில் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதியில்) இருக்கும் ‘வார்’ என்ற பழைய அறிவிப்புச் சொல்லை ‘லெட்’ என்று மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன், சரியாகிவிட்டது, கணினியை மூடிவிட்டு உறங்கப் போய்விட்டேன். அன்று பத்து நிமிடம் உட்கார்ந்து ஏன் என்று கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது. ‘வார்’ என்று அறிவித்தது அடைப்பை மதிக்காது. ஃபங்ஷன் முழுவதற்கும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். பத்துப் பொத்தான்களும், தாங்கள் பிறந்த நேரத்தில் லூப்பின் எண் என்னவாக இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அந்த வேரியபிளையே பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அழுத்தும் நேரத்தில் லூப் முடிந்து, எண் பத்தில் நிற்கிறது. பூஜ்ஜியத்திலிருந்து ஒன்பது வரை எண்ணிட்ட பட்டியலில் பத்து என்ற எண்ணில் எதுவும் இல்லை. ‘லெட்’ போட்டால் லூப்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புதிய வேரியபிள் பிறக்கிறது. ஒவ்வொரு பொத்தானும் தனக்கென்று ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது. இப்படிப் பிடித்துக்கொள்வதற்கு க்ளோஷர் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். மதிப்பை நகல் எடுப்பதில்லை, வேரியபிளையே பிடித்துக்கொள்கிறது என்ற ஒரு வாக்கியம் மனதில் பதிந்தால் போதும். பொதுச் சிலேட்டை எல்லோரும் பிடித்துக்கொண்டு நின்ற அதே கதைதான், அளவில் சிறியது.

இப்போது, நான் செய்திருக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். கோப்பின் முதல் வரியாக, மேற்கோள் குறிக்குள், ‘யூஸ் ஸ்ட்ரிக்ட்’ என்று எழுதியிருந்தால் அறிவிக்காத பெயருக்கு மதிப்புக் கொடுக்கும்போதே ரெஃபரன்ஸ் எரர் வந்து நிரல் நின்றிருக்கும். அக்டோபரில் முதல் சோதனை ஆர்டரிலேயே பிடிபட்டிருப்பேன். நான் முன்பே குறிப்பிட்ட, 2009இல் வந்த வழி இதுதான். ‘இம்போர்ட்’, ‘எக்ஸ்போர்ட்’ எழுதும் புதிய வகை மாட்யூல்களிலும் (நிரல் கோப்புகளிலும்), ‘கிளாஸ்’ உடலுக்குள்ளும் இந்தக் கண்டிப்பு தானாகவே இருக்கும்; ‘ரிக்வயர்’ எழுதும் பழைய வகைக் கோப்புகளில் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். நோட் ஒவ்வொரு பழைய வகைக் கோப்பையும் ஒரு ஃபங்ஷனுக்குள் சுற்றித்தான் இயக்குகிறது என்பதால் எதுவும் வெளியே கசியாது என்று நினைத்துவிடாதீர்கள். அறிவித்தவை கசியாது, அறிவிக்காதவை அந்தச் சுவரையும் தாண்டிப் போகும். இன்னொன்று, ஓடிக்கொண்டிருக்கும் பழைய கோப்பில் பண்டிகை நேரத்தில் இந்த வரியைச் சேர்க்காதீர்கள். நான் சேர்த்தபோது இன்னும் நான்கு இடங்களில் அறிவிக்காத பெயர்கள் இருந்து, ஒவ்வொன்றிலும் சர்வர் பிழை கக்கியது. அமைதியான ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் செய்ய வேண்டிய வேலை அது.

ஸ்ட்ரிக்ட் முறை அந்த வரி ஓடும்போதுதான் பிடிக்கும். ஓடாத வரியில் இருக்கும் பிழை பதுங்கியே கிடக்கும். ஓடுவதற்கு முன்பே பிடிக்க, நிரலை ஓட்டாமலே படித்துப் பிழை சொல்லும் ஈஎஸ்லிண்ட் என்ற கருவி இருக்கிறது. அதன் பரிந்துரைத் தொகுப்பிலேயே ‘நோ-அன்டெஃப்’ என்ற விதி உண்டு. அறிவிக்காத பெயர் ஒவ்வொன்றையும் வரி எண்ணோடு காட்டிவிடும். என் தள்ளுபடிப் பிழையைப் பிடிக்கும் ‘நோ-ஷேடோ’ அந்தத் தொகுப்பில் இல்லை, நாமாகத்தான் சேர்க்க வேண்டும். சிலருக்கு அது தொணதொணப்பாக இருக்கும்; 2,000 ரூபாய் பில்லில் நூறு ரூபாய் தள்ளுபடி போய்விட்டதே என்று ஒரு பாட்டி தொலைபேசியில் பேசியதைக் கேட்டவள் என்பதால் எனக்கு அந்தத் தொணதொணப்பு இனிமையாகவே இருக்கிறது. இதெல்லாம் நிறுவ நேரமில்லை என்றால், நிரல் எழுதும் மென்பொருளான விஎஸ் கோடில் கோப்பின் முதல் வரியில் இரண்டு சாய்கோடு போட்டு, ‘அட் டிஎஸ்-செக்’ (@ts-check) என்று ஒரு குறிப்பு எழுதினாலே போதும். அறிவிக்காத பெயர்களின் கீழ் சிவப்புக் கோடு விழும்.

ஆனால் இந்தக் கருவிகள் எதுவும் பிடிக்காத ஒன்று என் கோப்பில் இருந்தது. இதைச் சொல்லத்தான் முக்கியமாக இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். கோப்பின் மேலே, எந்த ஃபங்ஷனுக்கும் வெளியே, இப்போதைய வாடிக்கையாளரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் வைத்துக்கொள்ள ஒரு வேரியபிளை முறையாக ‘லெட்’ போட்டே அறிவித்திருந்தேன். ஆர்டர் வந்ததும் அதில் இடுவேன். பணம் வந்ததும் அதிலிருந்து எடுத்து வாட்ஸாப் செய்தி அனுப்புவேன். ஸ்ட்ரிக்ட் முறைக்கு அது குற்றமில்லை, ஈஎஸ்லிண்டுக்கும் குற்றமில்லை. ஆனால் கோப்பு மட்டத்தில் அறிவித்தது சர்வர் எழுந்தது முதல் படுக்கும் வரை ஒன்றே ஒன்றுதான். வருகிற எல்லா வாடிக்கையாளருக்கும் அதே சிலேட்டு. ஒருவருடைய முகவரியும் தொகையும் இன்னொருவருக்குப் போயிருக்கக்கூடும். போகவில்லை என்றுதான் நம்புகிறேன். யாரும் புகார் சொல்லவில்லை. இங்கே ‘கான்ஸ்ட்’ போட்டாலும் காப்பில்லை: ‘கான்ஸ்ட்’ அந்தப் பெயருக்கு வேறு மதிப்பு கொடுப்பதைத்தான் தடுக்கும், அது ஒரு பட்டியலாக இருந்தால் அதற்குள் யார் வேண்டுமானாலும் பொருளைச் சேர்க்கலாம், எடுக்கலாம். இப்போது கோப்பு மட்டத்தில் நான் வைப்பது மாறாத அமைப்புகளையும் டேட்டாபேஸ் இணைப்பையும் மட்டுமே. ஒரு வாடிக்கையாளருக்குச் சொந்தமானது எதுவானாலும் ஃபங்ஷனுக்குள் பிறந்து, தேவைப்படும் அடுத்த ஃபங்ஷனுக்கு அளபுருவாக (ஃபங்ஷனை அழைக்கும்போது கொடுக்கும் உள்ளீடாக) கையிலிருந்து கைக்குப் போக வேண்டும். நான்கு ஃபங்ஷன்களைத் தாண்டி அனுப்புவது அலுப்பாக இருக்கும். அந்த அலுப்புக்குப் பயந்துதான் முதலில் மேலே வைத்தேன்.

சோதிக்கும் விதத்தையும் மாற்றிக்கொண்டேன். ஒற்றை ஆர்டர் போட்டுப் பார்த்துத் திருப்திப்படும் பழக்கத்தை விட்டுவிட்டேன். விலை எடுத்து வரும் ஃபங்ஷனில், சோதனையின்போது மட்டும், கால் விநாடி முதல் ஒரு விநாடி வரை ஏதோ ஒரு தாமதத்தை வேண்டுமென்றே வைக்கிறேன். பிறகு வெவ்வேறு பொருள்கள் கொண்ட இருபது ஆர்டர்களை ‘பிராமிஸ் ஆல்’ (பல வேலைகளும் முடியும் வரை சேர்த்துக் காத்திருக்கும் வசதி) கொண்டு ஒரே நொடியில் அனுப்பி, ஒவ்வொன்றின் தொகையும் தனியாகப் போட்ட கணக்கோடு பொருந்துகிறதா என்று பார்க்கிறேன். எழுத அரை மணி நேரம் ஆயிற்று. பழைய நிரலை எடுத்து இந்தச் சோதனையில் ஓட்டிப் பார்த்தபோது இருபதில் ஒன்றுகூடத் தேறவில்லை. எங்கே பிசகுகிறது என்று நேரில் பார்க்க விரும்பினால், நிரலை இடையில் நிறுத்திப் பார்க்க உதவும் ‘இன்ஸ்பெக்ட்’ முறையில் நோடைத் தொடங்கி, குரோமின் டெவலப்பர் கருவியில் அந்த வரியில் நிறுத்துங்கள். வலப்பக்கத்தில் ஸ்கோப் என்ற பகுதியில் லோக்கல், பிளாக், க்ளோஷர், குளோபல் என்று பிரித்துக் காட்டும். உங்கள் வேரியபிள் லோக்கலில் இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்றால், அது எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று கீழே தேடுங்கள். என் டோட்டல் குளோபலின் நீண்ட பட்டியலுக்குள், சம்பந்தமே இல்லாத பெயர்களுக்கு நடுவில், 2,760 என்ற மதிப்போடு உட்கார்ந்திருந்தது. அதை அங்கே பார்த்தது லாகில் பார்த்ததைவிட ஒரு படி அதிகமாகவே வலித்தது.

பழைய நிரல்களைப் பராமரிப்பவர்கள் ‘வார்’ என்று கண்ட இடத்திலெல்லாம் ‘லெட்’ என்று ஒரே மூச்சில் மாற்றிவிட வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். ‘இஃப்’ அடைப்புக்குள் ‘வார்’ போட்டு, அடைப்புக்கு வெளியே அதைப் பயன்படுத்தியிருப்பார்கள். மாற்றினால் வெளியே அந்தப் பெயரே இருக்காது. அறிவிப்பு வரிக்கு முன்பே பெயரைப் படித்திருந்தால் ‘வார்’ சத்தமில்லாமல் ‘அன்டிஃபைன்டு’ தரும், ‘லெட்’ பிழை காட்டி நிறுத்தும். நிறுத்துவது நல்லதுதான், ஆனால் வாடிக்கையாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேண்டாம். 2015 ஜூன் மாதம் வெளியான பதிப்பில்தான் ‘லெட்’டும் ‘கான்ஸ்ட்’டும் வந்தன, அதற்கு முன் எழுதியவர்கள் இருந்ததை வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். ஒரு ஃபங்ஷனை எடுத்து, ஈஎஸ்லிண்ட் ஓட்டி, மாற்றி, சோதித்து, பிறகு அடுத்ததற்குப் போவதே என் வழக்கம்.

அந்தக் கடையின் இணையதளத்தை இன்றும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். 2024 தீபாவளிக்கு முந்தைய வாரம் முதலாளி வழக்கம் போல ஏழு மணிக்கு ஸ்டேட்டஸ் போட்டார். நான் லாகைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் காகிதமும் பேனாவுமாக, வருகிற பில்களைக் கையாலும் கூட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பதரை மணிக்கு அவர் அழைத்து, “என்னம்மா, எத்தனை தப்பு?” என்று கேட்டார். இதுவரை இல்லை அண்ணாச்சி என்றேன். “நானும் இங்க சீட்டுல கூட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றார்.